ஜிடிஏ அப்ரெண்டிஸ்: கையெழுத்துப் போடும் முன்

மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே நோயாளிப் பராமரிப்பு உதவியாளர் (ஜிடிஏ) பயிற்சி பெறுவது பற்றி மும்பை வாசகர்கள் கேட்ட கேள்விகளில் சில இங்கே. பதில் சொல்பவர்கள், வார்டிலும் வகுப்பறையிலும் இந்தப் பயிற்சியை நடத்தும் செவிலியர்கள்.

என் மகள் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பத்தாவது முடித்திருக்கிறாள். ஒரு இன்ஸ்டிட்யூட்டில் 65,000 ரூபாய் கட்டினால் ஆறே மாதத்தில் நர்ஸ் ஆகிவிடலாம் என்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணோ ஆஸ்பத்திரியில் அப்ரெண்டிஸாகச் சேர்ந்து, மாதாமாதம் பணம் வாங்குகிறாள். எதில் சேர்ந்தால் நர்ஸ் ஆவாள்?
— வாசகி, தாராவி

இரண்டிலும் ஆக முடியாது. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு எது பயனுள்ளது என்று பார்க்கலாம்.

நம் நாட்டில் நர்ஸ் என்று பதிவு பெற மூன்று வழிகள்தான் உண்டு. இரண்டு வருட ஏஎன்எம் (துணை நர்ஸ்-மருத்துவச்சி), மூன்று வருட ஜிஎன்எம் (பொது நர்சிங், மகப்பேறு டிப்ளமா), நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங். மூன்றுக்கும் பன்னிரண்டாவது தேறியிருக்க வேண்டும். படிப்பு முடிந்ததும் மாநில நர்சிங் கவுன்சிலில், இங்கே என்றால் மகாராஷ்டிரா நர்சிங் கவுன்சிலில், பதிவு எண் வாங்க வேண்டும். அந்த எண் இல்லாதவரை எந்த வெள்ளை உடுப்பும் நர்ஸ் ஆக்காது. பத்தாவது முடித்த பெண்ணை ஆறு மாதத்தில் நர்ஸ் ஆக்குகிறேன் என்று சொல்பவர் பொய் சொல்கிறார். இதை நாசூக்காகச் சொல்ல வழியில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் செய்வது ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட், சுருக்கமாக ஜிடிஏ. நோயாளியைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, காய்ச்சல், நாடி, பிரஷர் பார்த்துக் குறிப்பது, ஸ்ட்ரெச்சரில் மாற்றுவது ஆகியவை அதில் அடங்கும். நர்ஸின் மேற்பார்வையில் நடக்கும் உதவி வேலை. இதற்குப் பாடத்திட்டம் வகுத்திருப்பது ஹெல்த்கேர் செக்டர் ஸ்கில் கவுன்சில். அதன் குறியீடு எச்எஸ்எஸ்/கியூ5101, தேசியத் திறன் தகுதிச் சட்டகத்தில் 4ஆம் நிலை.

இன்ஸ்டிட்யூட்டில் இரண்டே கேள்வி கேளுங்கள். "உங்கள் சான்றிதழில் எந்த அமைப்பின் பெயரும் எந்தக் குறியீடும் அச்சாகும்?" "நர்சிங் படிப்பு என்றால், மகாராஷ்டிரா ஸ்டேட் போர்டு ஆஃப் நர்சிங் அண்ட் பாராமெடிக்கல் எஜுகேஷன் தேர்வு நடத்துமா?" முதல் கேள்விக்கு இன்ஸ்டிட்யூட்டின் சொந்தப் பெயர்தான் பதில் என்றால், அந்தத் தாளை வாங்கிய கட்டடத்துக்கு வெளியே பெரிய மதிப்பில்லை. சில இடங்களில் கற்றுத்தருவது என்னவோ ஜிடிஏ பாடம்தான். ஆனால் பெயர்ப் பலகையில் 'நர்சிங்' என்று எழுதி அந்தப் பெயருக்குப் பணம் வாங்குகிறார்கள். அதே பாடத்தை அப்ரெண்டிஸாகப் படித்தால் பணம் நம் பக்கம் வரும்.

அப்ரெண்டிஸாகச் சேர்வது எப்படி? எவ்வளவு கிடைக்கும்? முடிந்ததும் வேலை நிச்சயமா?
— தாராவி, சயான் கோலிவாடா, செம்பூரிலிருந்து பலர்

இதன் அடிப்படை 1961ஆம் ஆண்டின் அப்ரெண்டிஸ் சட்டம். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், தன் ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரெண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும். ஓரளவு பெரிய தனியார் மருத்துவமனைகள் எல்லாம் இதற்குள் வந்துவிடும். ஆகவே ஹெச்.ஆர். பிரிவில் போய், "ஜிடிஏ அப்ரெண்டிஸ் எடுக்கிறீர்களா? போர்ட்டலில் போட்டிருக்கிறீர்களா?" என்று நேராகக் கேட்கலாம். இதில் தயங்க ஒன்றுமில்லை, அவர்களுக்கும் எண்ணிக்கை காட்ட வேண்டியிருக்கிறது.

முதல் வேலை, அரசின் அப்ரெண்டிஸ்ஷிப் இந்தியா போர்ட்டலில் ஆதாரை வைத்துப் பதிவது. பத்தாவது மதிப்பெண் பட்டியல், வங்கிக் கணக்கு, புகைப்படம், கைபேசி எண் வேண்டும். பிறகு அங்கே மருத்துவமனை போட்டிருக்கும் இடத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். நேர்காணலில் தேறினால் மருத்துவமனை போர்ட்டலிலேயே ஒப்பந்தத்தை உருவாக்கும். அதில் உங்கள் கையெழுத்து, 18 வயது ஆகாதவர் என்றால் பெற்றோர் கையெழுத்து. ஒப்பந்த எண் வரும். அந்த எண் வந்த பிறகுதான் நீங்கள் அப்ரெண்டிஸ். "நாளைக்கே வந்து வேலையை ஆரம்பி, பேப்பர் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொன்னால் கணக்கில் வராத உதவியாளராகத்தான் நுழைகிறீர்கள். அடிபட்டாலும், சம்பளம் நின்றாலும் காட்ட ஒரு தாள் இருக்காது.

இன்னொன்று, ஒப்பந்தத்தில் எந்தத் தொழிலுக்குப் பயிற்சி என்று அச்சாகியிருக்கிறது என்பதைப் படியுங்கள். ஜிடிஏ என்று வாயால் சொல்லிவிட்டு ஹவுஸ்கீப்பிங் என்று போட்டிருந்தால், கடைசியில் வரும் சான்றிதழும் ஹவுஸ்கீப்பிங்குக்குத்தான்.

அடுத்து ஸ்டைபெண்ட், அதாவது பயிற்சிக் காலத்தில் மாதாமாதம் தரும் தொகை. 2019இல் திருத்திய விதிப்படி குறைந்தபட்சம் பத்தாவது முடித்தவருக்கு மாதம் 6,000, பன்னிரண்டாவது முடித்தவருக்கு 7,000 ரூபாய். 2025 மே மாதத்தில் மத்திய அப்ரெண்டிஸ்ஷிப் கவுன்சில் இதை 36 சதவீதம் உயர்த்தப் பரிந்துரைத்தது. கையெழுத்துப் போடும் நாளில் எந்த விகிதம் நடப்பில் இருக்கிறது என்று கேட்டு ஒப்பந்தத்தில் அந்த எண்ணைப் பாருங்கள். இது குறைந்தபட்சம்தான், மருத்துவமனை கூடுதலாகத் தரலாம். குறைந்தபட்சத்தில் 25 சதவீதம், அதிகம் போனால் 1,500 ரூபாய், மத்திய அரசின் பங்காக உங்கள் கணக்குக்கே நேராக வரும். மீதியை மருத்துவமனை அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் போட வேண்டும். இதில் பி.எஃப்., இஎஸ்ஐ பிடித்தம் கிடையாது. பிடித்தால் ஏன் என்று கேளுங்கள்.

'டெபாசிட்', 'யூனிஃபார்ம் பணம்', 'ரெஜிஸ்ட்ரேஷன் சார்ஜ்' என்று யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் நடுவில் ஒரு புரோக்கர் புகுந்திருக்கிறார் என்று அர்த்தம்.

பயிற்சிக் காலம் 6 மாதம் முதல் 36 மாதம் வரை இருக்கலாம். உங்களுக்கு எவ்வளவு என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். முதலில் அடிப்படை வகுப்பு, பிறகு வார்டு, கடைசியில் தேர்வு. லாக்புக் ஒன்று தருவார்கள். எந்த நாளில் எந்த வேலையைக் கற்றீர்கள் என்று எழுதி சிஸ்டரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கடைசி வாரத்தில் மொத்தமாக உட்கார்ந்து எழுதுவது எல்லாருக்கும் பழக்கம். அதற்குள் பாதி சிஸ்டர்கள் வேறு மருத்துவமனைக்குப் போயிருப்பார்கள். அன்றன்றைக்கே வாங்கிவிடுங்கள்.

வேலை நிச்சயமா என்றால், இல்லை. சட்டத்தின் 22ஆம் பிரிவு, பயிற்சி முடித்தவருக்கு வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை முதலாளி மேல் வைக்கவில்லை. ஆனால் ஒரு வருடம் ஒழுங்காக வேலை செய்த ஆளை விட்டுவிட்டுப் புதிதாக ஒருவரைத் தேட எந்த வார்டு இன்சார்ஜும் விரும்ப மாட்டார். நடைமுறையில் உங்கள் பலம் அதுதான்.

மகாராஷ்டிர அரசு 2024இல் தொடங்கிய முதலமைச்சர் யுவ கார்ய பிரஷிக்ஷண் திட்டத்தையும் இதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அதற்குக் குறைந்தது பன்னிரண்டாவது வேண்டும், மாநில இருப்பிடச் சான்றும் வேண்டும். பன்னிரண்டாவது முடித்தவருக்கு 6,000 ரூபாய் என்று தொடங்கினார்கள். அது வேலை அனுபவம் தரும் திட்டம். ஜிடிஏ சான்றிதழ் தருவதற்காக அமைத்த திட்டமல்ல.

மருத்துவமனை பணம் வருகிறது, அரசின் 1,500 மட்டும் நான்கு மாதமாக வரவில்லை. யாரைக் கேட்டாலும் 'ஆதார் பிராப்ளம்' என்கிறார்கள்.
— வாசகர், செம்பூர்

மும்பைத் தமிழர்களுக்கு இது அடிக்கடி வருவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் பெயர் முதலெழுத்தோடு நிற்கும். இங்கே எஸ்எஸ்சி (பத்தாவது) மதிப்பெண் பட்டியலில் குடும்பப் பெயர், தன் பெயர், தந்தை பெயர் என்று மூன்று கேட்பார்கள். பள்ளியில் சேர்த்த அன்று யாரோ ஒருவர் தாத்தா பெயரையோ ஊர்ப் பெயரையோ குடும்பப் பெயராக எழுதியிருப்பார். ஆதாரில் 'கே. முருகன்' என்று இருக்கும், மதிப்பெண் பட்டியலில் மூன்று சொல் இருக்கும், வங்கியில் இரண்டு. போர்ட்டல் இதை மூன்று ஆளாக எடுத்துக்கொள்ளும்.

முதலில் வங்கியில் போய், "ஆதார் சீடிங் ஆகியிருக்கிறதா?" என்று கேளுங்கள். கணக்கு தொடங்கும்போது ஆதார் நகல் கொடுத்தது வேறு, அரசுப் பணம் வருவதற்காக அந்தக் கணக்கை ஆதாரோடு இணைப்பது வேறு. இரண்டு வங்கியில் கணக்கு இருந்தால் கடைசியாக இணைத்த கணக்கில்தான் பணம் விழும். ஆகவே பழைய ஜன்தன் கணக்கில் வந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்து ஆதாரில் பெயரை மதிப்பெண் பட்டியல்படி திருத்துங்கள். பட்டியலே தவறு என்றால் மகாராஷ்டிர அரசு கெசட்டில் பெயர் மாற்ற அறிவிப்பு போட வேண்டும். கொஞ்சம் நாளாகும், ஆனால் பிறகு ஜிஎன்எம் சேர்ந்தாலும் பாஸ்போர்ட் எடுத்தாலும் அதே சிக்கல்தான் வரும் என்பதால் இப்போதே முடித்துவிடுவது நல்லது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால், மருத்துவமனை மாதாமாதம் போர்ட்டலில் உங்கள் வருகையையும், கொடுத்த ஸ்டைபெண்டையும் ஏற்றாமல் இருந்திருக்கலாம். ஹெச்.ஆரிடம் அதை மட்டும் குறிப்பாகக் கேளுங்கள்.

ஜிடிஏ அப்ரெண்டிஸாகச் சேர்ந்து சில வாரம் ஆகிறது. நைட் டியூட்டியில் முப்பது பெட்டுக்கு இரண்டு சிஸ்டர்தான். 'ட்ரிப் முடிஞ்சிடுச்சு, அடுத்த பாட்டில் மாட்டு', 'ஆக்ஸிஜனைக் கொஞ்சம் கூட்டு' என்கிறார்கள். மறுத்தால் கோபம் வருகிறது. செய்யலாமா?
— வாசகர், ஆன்டாப் ஹில்

செய்யாதீர்கள். ஊசி, ட்ரிப், மருந்து, ரைல்ஸ் ட்யூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்) போடுவது, கேதிட்டர் (சிறுநீர்க் குழாய்) போடுவது, ஆக்ஸிஜன் அளவை மாற்றுவது எதுவும் ஜிடிஏ வேலை அல்ல. காரணம் தெரிந்தால் மறுப்பது எளிது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பாட்டிலில் ஒன்றில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கலாம். அது வேகமாக உள்ளே போனால் இதயம் நின்றுவிடும். ஆக்ஸிஜனும் அப்படித்தான். பல வருடம் நுரையீரல் கெட்டிருக்கும் சிஓபிடி நோயாளிகளுக்கு டாக்டர்கள் ரத்த ஆக்ஸிஜன் அளவை 88 முதல் 92 சதவீதத்தில் வைத்தால் போதும் என்று எழுதியிருப்பார்கள். '90 தானே காட்டுகிறது' என்று நீங்கள் கூட்டினால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறி அவர் மயக்கத்துக்குப் போகலாம்.

மறுப்பதைச் சண்டையாக ஆக்க வேண்டாம். பாட்டிலில் 50 மில்லி மிச்சம் இருக்கும்போதே போய், "சிஸ்டர், 12ஆம் பெட் ட்ரிப் முடியப் போகுது" என்று சொல்லிவிடுங்கள். "எனக்கு இதற்கு அனுமதி இல்லை சிஸ்டர், நீங்க மாட்டுங்க, 14ஆம் பெட்டை நான் திருப்பிப் போடுகிறேன்" என்று கை நிறைய வேறு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அப்படிச் சொன்னால் பெரும்பாலான சிஸ்டர்கள் புரிந்துகொள்வார்கள். தொடர்ந்து கட்டாயப்படுத்தினால் வார்டு இன்சார்ஜ், பிறகு மேட்ரன். எழுத்தில் கொடுங்கள்.

உங்கள் வேலையில் நீங்கள் தவறே செய்யாத ஆள் என்று பெயர் வாங்கினால் இந்த மறுப்புக்கு மரியாதை தானாக வரும். எங்கே தவறு நடக்கிறது என்று சொல்கிறோம்.

பிரஷர்: நோயாளி ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகுக்குச் சாய்மானம், கால் தரையில், கை இதய மட்டத்தில் தாங்கலோடு. பேசக் கூடாது, நீங்களும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கையில் சுற்றும் பட்டையான கஃப்பின் உள்ளிருக்கும் காற்றுப் பை கையின் சுற்றளவில் 80 சதவீதத்தைச் சுற்ற வேண்டும். பருத்த கையில் சிறிய கஃப் கட்டினால் பிரஷர் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். பல வார்டுகளில் ஒரே ஒரு கஃப்தான் இருக்கும், அதனால் வரும் பொய் பிரஷர் நிறைய. டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (ரத்தக்குழாய் இணைப்பு) போட்ட கை, மார்பக அறுவை செய்த பக்கத்துக் கை, ட்ரிப் ஓடும் கை ஆகியவற்றில் கட்டாதீர்கள்.

மூச்சை எண்ணும்போது நோயாளிக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் மூச்சை மாற்றிவிடுவார். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மார்பைப் பாருங்கள். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கலாம், சீராக இல்லை என்றால் முழு நிமிடம். சார்ட்டில் எல்லாருக்கும் 18 என்று எழுதி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். யாரும் எண்ணவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். நிலைமை மோசமாகப் போகிற நோயாளியில் முதலில் மாறும் எண்களில் இதுவும் ஒன்று.

ஆக்ஸிமீட்டர்: நெயில் பாலிஷ், கறுத்துச் சிவந்த மருதாணி, குளிர்ந்த விரல் மூன்றும் தப்பான எண் தரலாம். விரலைத் தேய்த்துச் சூடாக்கி வேறு விரலில் பாருங்கள். 95க்குக் கீழே என்றால் சொல்லுங்கள், சிஓபிடி என்றால் டாக்டர் எழுதிய அளவுக்குக் கீழே போனால். காய்ச்சலை அக்குளில் பார்த்தால் வாயில் பார்ப்பதைவிட ஏறக்குறைய ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் குறைவாக வரும். எங்கே பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்.

படுக்கையிலேயே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்ப வேண்டும். முழுதாகப் பக்கவாட்டில் போட்டால் இடுப்பெலும்பு அழுந்தும். 30 டிகிரி சாய்த்து முதுகுக்குத் தலையணை கொடுங்கள். இழுக்காதீர்கள். அடியில் குறுக்காக விரித்திருக்கும் டிரா ஷீட்டோடு இரண்டு பேர் தூக்கி நகர்த்துங்கள். இழுக்கும்போது தோல் ஒரு பக்கமும் உள்ளே எலும்பு ஒரு பக்கமும் போய், நடுவில் ரத்தக்குழாய்கள் கிழியும். புண் அங்கிருந்துதான் தொடங்கும். திருப்பும்போதெல்லாம் கீழ்முதுகு, குதிகால், இடுப்பு, முழங்கை, பின்தலை பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவக்க வேண்டும். வெளுக்கவில்லை என்றால் அது முதல் நிலைப் படுக்கைப் புண், உடனே சொல்லுங்கள். அந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது. உறவினர்கள் அன்போடு எண்ணெய் வைத்துத் தேய்ப்பார்கள், தடுத்துவிடுங்கள்.

யூரின் பேக் எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல். ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது பேக்கை நோயாளியின் வயிற்றின் மேல் வைக்கும் பழக்கம் எங்கும் இருக்கிறது. பேக்கில் இருப்பது திரும்ப உள்ளே ஓடும், தொற்று வரும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் காலி செய்யுங்கள். ஒரு நோயாளிக்கு ஒரு ஜக். அளவை பேக்கின் கோடுகளில் பார்க்காமல் அளவு ஜக்கில் ஊற்றிக் கண் மட்டத்தில் பாருங்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லிக்குக் கீழே இறங்கினால் காலைவரை காத்திருக்காதீர்கள். குடித்த கணக்கில் டீ, மோர், இளநீர், ரசம் எல்லாம் சேரும். வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் வருவதைக் கேட்டு வாங்கி அளந்து எழுதுங்கள். நம் வீடுகளிலிருந்து அது கட்டாயம் வரும்.

ஊசி குத்திவிட்டால்?
— வாசகி, சயான் கோலிவாடா

குழாய்த் தண்ணீரிலும் சோப்பிலும் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், வாயில் வைக்க வேண்டாம், பிளீச்சிங் திரவம் ஊற்ற வேண்டாம். உடனே சிஸ்டரிடம் சொல்லிவிட்டு கேஷுவாலிட்டி போங்கள். எந்த நோயாளியின் ஊசி என்று தெரிந்தால் சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்து தேவை என்று டாக்டர் முடிவு செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறந்தது. 72 மணி நேரத்துக்கு மேல் போனால் பயனில்லை. 28 நாள் சாப்பிட வேண்டும். திட்டுவார்கள் என்று மறைத்துவிட்டு மூன்று நாள் கழித்து வருபவர்களால்தான் கவலை.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதங்களில் மூன்று தவணை. 2016ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு விதிகள், கழிவைக் கையாள்கிற எல்லாருக்கும் ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் ஊசி போட வேண்டிய பொறுப்பை மருத்துவமனையிடம் வைத்திருக்கின்றன. சேர்ந்த வாரத்திலேயே கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். பயிற்சியில் அடிபட்டால் இழப்பீடு தருவது முதலாளியின் கடமை என்று அப்ரெண்டிஸ் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கு அன்றைய தேதியில் எழுதிய விபத்துக் குறிப்பு வேண்டும்.

ஜிடிஏக்களுக்கு ஊசி குத்துவது பெரும்பாலும் தப்பான பையில் கை விடும்போதுதான். ஊசி, பிளேடு எல்லாம் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில். ஊசி நீக்கிய சிரிஞ்ச், குழாய், யூரின் பேக், கையுறை சிவப்பில். ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி மஞ்சளில். கண்ணாடிக் குப்பிகள் நீலத்தில். எந்தப் பையையும் கையால் அமுக்கி இடம் பண்ணாதீர்கள்.

பன்னிரண்டு மணி நேர டியூட்டி, ஆள் வராவிட்டால் அதற்கு மேலும். அப்ரெண்டிஸுக்கு ஓவர்டைம் உண்டா?
— வாசகர், முலுண்ட்

தினசரி நேரத்தை முதலாளி வகுக்கலாம். ஆனால் அப்ரெண்டிஸ்ஷிப் அட்வைசர் என்ற அரசு அதிகாரியின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வேலை வாங்கக் கூடாது என்கிறது அப்ரெண்டிஸ் சட்டத்தின் 15ஆம் பிரிவு. அந்த அனுமதியும் பயிற்சிக்கோ பொதுநலனுக்கோ தேவை என்றால்தான். "ரிலீவர் வரவில்லை" என்பது இரண்டிலும் சேராது. ஷிஃப்ட் தொடங்கிய, முடிந்த நேரத்தைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முதலில் ஹெச்.ஆர்., பிறகு போர்ட்டலில் புகார். சேர்வதற்கு முன்பே ஷிஃப்ட் நேரத்தைக் கேட்டு, இரவில் உங்கள் லைனில் கடைசி லோக்கல் கிடைக்குமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் ஆட்டோவுக்குக் கொடுத்தே ஸ்டைபெண்டில் பாதி போய்விடும்.

இங்கிலாந்தில் 'நர்சிங் அசோசியேட்' என்று ஒரு அப்ரெண்டிஸ்ஷிப் இருக்கிறதாம். என் தம்பி ஜிடிஏ முடித்தவன். எட்டு லட்சம் கொடுத்தால் அதில் சேர்த்துவிடுகிறேன், சம்பளத்தோடு படிப்பு, பிறகு நர்ஸ் என்கிறார் ஏஜென்ட். உண்மையா?
— வாசகி, செம்பூர்

அப்படி ஒரு பயிற்சி இருப்பது உண்மை. அதை ஏஜென்ட் உங்கள் தம்பிக்கு விற்பது பொய்.

அங்கே சப்போர்ட் வொர்க்கருக்கும் பதிவு பெற்ற நர்ஸுக்கும் நடுவில் ஒரு படியாக இந்தப் பதவியை உருவாக்கினார்கள். இங்கிலாந்தில் மட்டும். 2019 ஜனவரியிலிருந்து நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில் இவர்களைப் பதிவு செய்கிறது. மருத்துவமனையில் ஊழியராக இருந்துகொண்டே பொதுவாக இரண்டு வருடம் படிப்பு. முழுப் பட்டத்துக்கு ஒரு படி கீழான ஃபவுண்டேஷன் டிகிரி அளவு, மொத்தம் குறைந்தது 2,300 மணி நேரம், அதில் பாதி நேரடிப் பயிற்சி. மனநலம், குழந்தைகள், வீட்டுப் பராமரிப்பு என்று தன் வார்டுக்கு வெளியேயும் போய்க் கற்க வேண்டும். முடித்தவர் மருந்து கொடுக்கலாம், பராமரிப்பைக் கண்காணிக்கலாம். நோயாளியின் தேவையை மதிப்பிட்டுத் திட்டம் போடுவது நர்ஸின் பொறுப்பு. அங்கிருந்து சுருக்கிய நர்சிங் பட்டப் படிப்புக்கும் போகலாம், படித்தது கணக்கில் சேரும். உதவியாளரிலிருந்து நர்ஸ் வரை இப்படி இடைப்படி போட்டுக் கொடுத்திருப்பது அந்த ஏற்பாட்டின் நல்ல அம்சம். நம் ஊரில் ஜிடிஏவுக்கு அப்படி ஒரு படி போடவில்லை என்பது எங்கள் நெடுநாள் குறை.

இப்போது எட்டு லட்சத்துக்கு வருவோம். அந்த அப்ரெண்டிஸ்ஷிப் கட்டணத்தை அங்குள்ள முதலாளியும் அரசும் ஏற்கின்றன. படிப்பவரிடம் வாங்கக் கூடாது என்பது விதி. அந்த நிதி கிடைக்க, பொதுவாக அதற்கு முன் மூன்று வருடம் அங்கே சட்டப்படி குடியிருந்திருக்க வேண்டும். மாணவர் விசாவில் போய்ச் சேரும் வழி இது அல்ல. "அப்படியானால் கேர் வொர்க்கராகப் போகட்டும்" என்று ஏஜென்ட் அடுத்த கதவைக் காட்டுவார். 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து கேர் வொர்க்கர்களைப் புதிதாக எடுப்பதை பிரிட்டன் நிறுத்திவிட்டது.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன் மேல் ஜிஎஸ்டியும்தான். பதிவு எண்ணைக் கேளுங்கள். "நாங்கள் ஸ்டூடன்ட் கன்சல்டன்சி" என்று நழுவினால், பணத்தைக் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

தம்பிக்கு இங்கிலாந்து ஆசை இருந்தால் நேர்வழி நீளமானது. இங்கே ஜிஎன்எம் அல்லது பி.எஸ்சி., பதிவு, அனுபவம். பிறகு ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் 7, எழுத்தில் மட்டும் 6.5 போதும். கணினித் தேர்வு, அங்கே போய்ச் செய்முறைத் தேர்வு.

ஜிடிஏ முடித்து இரண்டு வருடம் வேலை செய்தால் ஜிஎன்எம்மில் ஒரு வருடம் குறைப்பார்களா? நான் பத்தாவதுதான்.
— வாசகி, தாராவி

குறைக்க மாட்டார்கள். ஜிஎன்எம்முக்குப் பன்னிரண்டாவதில் மொத்தம் 40 சதவீதம், ஆங்கிலத்திலும் தனியாக 40 சதவீதம் வேண்டும். அறிவியல் இருந்தால் நல்லது, கட்டாயமில்லை. வயது 17 முதல் 35. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் எழுதிய பன்னிரண்டாவதையும் ஏற்கிறார்கள். ஆகவே அப்ரெண்டிஸாக இருக்கும்போதே அதில் சேர்ந்துவிடுங்கள். பாடம் எடுக்கும்போது ஆங்கிலத்தை விட்டுவிடாதீர்கள். தமிழும் ஹிந்தியும் எளிது என்று எடுத்துத் தேறிவிட்டு, பிறகு நர்சிங் பள்ளி வாசலில் திரும்பி வந்தவர்கள் உண்டு. மாநில போர்டில் 17ஆம் நம்பர் படிவம் போட்டுத் தனித்தேர்வராக எழுதுவது இன்னொரு வழி.

சேரப்போகும் நர்சிங் பள்ளியின் பெயர் மகாராஷ்டிரா நர்சிங் கவுன்சில் பட்டியலில் அந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். சென்ற ஆண்டு இருந்தது என்பது போதாது.

மராத்தி சுத்தமாக வராது. ஆண் பிள்ளைகளையும் எடுப்பார்களா?
— வாசகர், ஆன்டாப் ஹில்

எடுப்பார்கள், எலும்பு முறிவு வார்டிலும் ஐசியுவிலும் தூக்கி மாற்ற ஆள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பின்னால் நர்ஸ் ஆக வேண்டும் என்றால் ஆண்களுக்கு ஜிஎன்எம் அல்லது பி.எஸ்சி. வழி. மராத்தியில் "துக்தய் கா?" (வலிக்கிறதா), "குஷிவர் வளா" (ஒருக்களித்துப் படுங்கள்), "பாணி பாஹிஜே கா?" (தண்ணீர் வேண்டுமா) என்று தொடங்குங்கள், மூன்று மாதத்தில் மற்றவை வந்துவிடும். சார்ட் ஆங்கிலத்தில்தான் இருக்கும். எண்களையும் 24 மணி நேரக் கணக்கில் நேரத்தையும் தெளிவாக எழுதப் பழகுங்கள். 1க்கும் 7க்கும் வித்தியாசம் தெரியாத கையெழுத்தால் வார்டில் தொல்லை அதிகம்.

வளையல், மோதிரம், பூ வைத்துக்கொள்ளலாமா?
— வாசகி, சயான் கோலிவாடா

முழங்கைக்குக் கீழே எதுவும் வேண்டாம். மோதிரத்தின் அடியில் சோப்பு போகாது. ஆல்கஹால் ரப் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி தேய்க்க வேண்டும். கட்டைவிரலும் விரல் நுனிகளும்தான் எல்லாரும் விட்டுவிடும் இடம். தாலிச் சரடு யூனிஃபார்முக்கு உள்ளே இருக்கட்டும், குனியும்போது வெளியே தொங்காதபடி பின் போட்டுக்கொள்ளுங்கள். தலைமுடியைக் கொண்டையாக வலைக்குள் வையுங்கள். பூ டியூட்டி முடிந்த பிறகு. நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், பாலிஷ் கூடாது.